பனிக்குப் போர்வை போட்ட அமிர்தலிங்கம்

கேமரன் மலையில் பிறந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காலையில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டும்போதே அது தானாக வந்து எலும்புக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிவிடும். ஆனாலும் அமிர்தலிங்கம் வகுப்பெடுத்தார். ரிங்லெட்டுக்கு மேலே, அணைக்கட்டு ஏரியைத் தாண்டிப் பிரியும் தேயிலைத் தோட்டத்தில், 1983-ஆம் வருடம் தொடங்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்தார்.

"இதெல்லாம் ஒரு குளிரா?" என்று ஆரம்பிப்பார். தலையில் துண்டை முக்காடாகப் போட்டு, இரண்டு கையையும் அக்குளில் செருகி, பல் தந்தியடிக்க ஆரம்பிப்பார். "மைனஸ் நூத்தி அறுவத்திரெண்டு! நான் பாத்திருக்கேன்."

"தொட்டியா?" என்று கேட்பார் ராமசாமி. தேயிலை பேக்டரியில் இலை காயவைக்கும் டிரையருக்கு அடுப்பு எரிப்பவர் அவர். இருபத்துநாலு வருடமாக அந்த அடுப்பின் வாயில் கட்டை ஊட்டி ஊட்டி, புருவம் கருகியே போய்விட்ட மனிதர்.

"தொட்டா வெரலு இருக்காது."

"அப்ப பாத்தியா?"

"அதான் பாத்தேன்னு சொல்றேனே."

"குழாக்குள்ள இருக்கறத எப்படிய்யா பாத்த?"

இந்த இடத்தில் அமிர்தலிங்கத்துக்கு இருமல் வரும்.

அவர் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டியது எல்லாம் இதே தோட்டத்து லயத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில்தான். எழுபதுகள் முழுக்கப் பேக்டரியில் இலை உருட்டும் மிஷினுக்கு அருகில் நின்றார். மிஷின் உருட்டும்; இவர் நிற்பார். 1980-இல் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு ஏஜண்டு ஒருவன் வந்தான். கடல் தாண்டி இருக்கும் சரவாக்கில், பிந்துலு என்ற ஊரில், கடலடி எரிவாயுவைத் திரவமாக்கும் பெரிய ஆலை எழும்புகிறது, ஆள் வேண்டும் என்றான். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதற்கு அமிர்தலிங்கம், "பேக்டரி மிஷின் எல்லாமே எனக்கு அத்துப்படி" என்றார். ஏஜண்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழாய்க்குப் போர்வை சுற்றும் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். சொந்த நாட்டின் இன்னொரு பக்கத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை விமானத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டார். அதையே பின்னால், "எனக்குத் தனியா சீட்டு அடிச்சுக் குடுத்தாங்க" என்று மாற்றிக்கொண்டார்.

அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டார் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. எரிவாயுவை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது, இடம் போதாது. அதைக் குளிர வைத்துக்கொண்டே போனால் மைனஸ் நூற்று அறுபத்திரண்டு டிகிரியில் தண்ணீர்போல் ஆகிவிடும். அறுநூறு பங்கு இடம் பிடித்தது ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். இதை லயத்தில் அவர் விளக்கிய விதமே தனி.

"அறுநூறு பேரு இருக்கற எடத்த ஒரு ஆளு ஒக்கார்ற ஸ்டூலுக்குள்ள அடைக்கற மாதிரி."

"அதத்தான் லயம் கட்டும்போதே செஞ்சிட்டாங்களே" என்றார் ராமசாமி. "அதுக்கு எதுக்குப் பிந்துலு வரைக்கும் போன?"

திரவம் ஓடும் குழாய்க்குள் வெளிச்சூடு புகக் கூடாது. புகுந்தால் திரவம் கொதித்து மறுபடி வாயுவாகிவிடும். அதனால் குழாயைச் சுற்றி மெத்தை, மெத்தைக்கு மேல் பசை, பசைக்கு மேல் தகடு. எல்லாம் முடிந்து ஆலையை முதன்முதலாகக் குளிரவைத்த அன்று, அமிர்தலிங்கம் சுற்றிய ஒரு வளைவில், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்தது. எங்கோ ஒரு இடுக்கு விட்டிருந்தார். போர்மேன் நாற்பது பேருக்கு முன்னால் அவரை அந்த வளைவுக்கு எதிரே நிறுத்தி, அந்தப் பனியையே பார்க்கச் சொன்னான். முக்கால் மணிநேரம் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் இரண்டே குழாய்கள்: போர்வை போட்ட குழாய், மானங்கெட்ட குழாய்.

ஊர் திரும்பியபோது வேறொரு குளிர் காத்திருந்தது. அவர் பேரை செக்ரோலில் இருந்து எடுத்திருந்தார்கள். தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பட்டியல் அது. அதில் பேர் இருக்கும் ஆண்பிள்ளைக்குத்தான் லயத்தில் வீடு. அவர் மனைவி பாஞ்சாலை பத்தொன்பது வருடமாக அதே பட்டியலில் கொழுந்து பறிக்கிறாள். ஆனால் வீட்டுக் காகிதத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் பாஞ்சாலை நுழைய முடியாது. மூன்று வருடமும் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி ராதாகிருஷ்ணன் அந்த இடத்தில் "தலைவர் வெளியூரில்" என்று எழுதி ஒப்பேற்றினார். தலைவர் வந்து லயத்து வாசலில் குளிர் வகுப்பு நடத்துவது தெரிந்த பிறகு அப்படி எழுத முடியவில்லை.

தோட்டத்து மேனேஜரான துரை நோட்டீஸ் அனுப்பினார். 1984 டிசம்பருக்குள் அமிர்தலிங்கத்தின் பேர் செக்ரோலில் ஏற வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேக்டரியிலோ ஆள் நிறைந்து கிடந்தது.

வெள்ளைக்காரத் துரைகள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. இப்போதைய துரை நம் நிறம்தான். அரைக்கால் சட்டையையும், அதட்டலையும், நாயையும் மட்டும் பங்களாச் சாவியோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார்.

எரிவாயு மலையேறி வந்தது இந்த நேரத்தில்தான். கோலாலம்பூரில் ஒரு சின்னக் கம்பெனி, கிழக்குக் கரையில் விளையாட்டுச் சாமான் அளவுக்கு ஒரு திரவமாக்கும் ஆலை வைத்திருந்தது. பெரிய குழாய் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் லோரியிலேயே திரவ வாயுவைக் கொண்டுபோகலாம் என்று காட்ட அவர்களுக்கு ஒரு மலை தேவைப்பட்டது. டத்தோ பட்டம் வாங்கிய தோட்டத்தின் தலைமை நிர்வாகிக்கோ, ஏதோ ஒரு மாநாட்டில் சாப்பிட்டு வந்ததிலிருந்து 'நவீனம்' தேவைப்பட்டது. இருவரும் கை குலுக்கினார்கள். கட்டை அடுப்புக்குப் பதில் எரிவாயுவில் தேயிலை காயும் என்று பளபளவென்று ஒரு தாளும் அச்சடித்தார்கள். கட்டை ஊட்டும் ராமசாமி என்ன ஆவார் என்பதற்கு அந்தத் தாளில் இடம் போதவில்லை.

பேக்டரிக்குப் பின்னால் வெள்ளைத் தொட்டி ஒன்று நிமிர்ந்து நின்றது. இரண்டு சுவர், நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். பாஞ்சாலை பார்த்துவிட்டு, "அட, நம்ம காப்பித்தண்ணி பிளாஸ்க்" என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. தொட்டியிலிருந்து ஒரு திரவக் குழாய். அது போய்ச் சேரும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், அலுமினிய இறக்கைகள் வைத்த குழாய்கள் இரண்டு வரிசையாக நின்றன. இரண்டு பெரிய சீப்பைக் குத்த வைத்தாற்போல் இருந்ததால் ஆட்கள் அதைச் சீப்பு என்றே கூப்பிட்டார்கள். சீப்பிலிருந்து சாதாரண இரும்புக் குழாய் ஒன்று டிரையருக்குப் போனது.

பாஞ்சாலை மூன்று நாள் நச்சரித்த பிறகு அமிர்தலிங்கம் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

"தொர, பிந்துலுல நான்..."

"தெரியும். தோட்டத்துக்கே தெரியும்" என்றார் துரை. "வந்து கூடமாட நில்லு. சோதனை நல்லபடியா முடியட்டும், டத்தோ பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் உன் பேரு செக்ரோல்ல."

"இப்பவே ஏத்திட்டா..."

"அப்புறம்னா அப்புறம்."

கம்பெனி எஞ்சினியர் சுப்பிரமணியம் பெட்டாலிங் ஜெயாக்காரர், இளவயசு. கிளப்பில் திரை கட்டிப் படம் காட்டி, இங்கிலீஷில் இரண்டு மணிநேரம் விளக்கினார். துரைமாரும் கிராணிமாரும் உள்ளே. சாமானைத் தொடப்போகிற ஆட்கள் வெளியே. துரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகியவர்; சரியான இடங்களில் தலையும் ஆட்டினார். எஞ்சினியர் கொடுத்த விளக்கப் புத்தகத்தைப் பத்திரமாக அலமாரியில் பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தும் போனார்.

மலையேறி வந்ததில் திரவக் குழாயின் மெத்தை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அமிர்தலிங்கம் கத்தியை வாங்கி, கிழிந்ததை அறுத்து, புதுசை ஒட்டி, சீவி, தகட்டை மடித்துப் பூட்டினார். கோடு தெரியவில்லை. எஞ்சினியர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பிரமாதம்" என்றார். பிந்துலுவில் மூன்று வருடம் கேட்காத சொல். அமிர்தலிங்கம் அன்று லயத்துக்குப் போகும்போது துண்டை முக்காடு போடாமல் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது சீப்பு. எஞ்சினியர் வால்வைத் திறந்ததும் அந்த அலுமினிய இறக்கைகள் சரசரவென்று வெள்ளையாகின. கொஞ்ச நேரத்தில் தேங்காய்த் துருவல் கொட்டினாற்போல் பனி. ஒரு மணிநேரத்தில் கட்டி கட்டியாக ஐஸ். அமிர்தலிங்கம் சீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாற்பது பேருக்கு முன்னால் கட்டைவிரல் அகலப் பனிக்கு முக்கால் மணிநேரம் நின்றவர் அவர். இதுவோ ஆள் உயரத்துக்கு நிற்கிறது!

"சார், பனி பூக்குது."

"அது அப்படித்தான் இருக்கும்ணே" என்றார் எஞ்சினியர், மீட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு சீப்பு ரொம்ப உறைந்ததும் அதை மூடி இன்னொரு சீப்பைத் திறந்தார்.

அப்படித்தான் இருக்குமாம். அமிர்தலிங்கம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கோலாலம்பூர்ப் பிள்ளைகள், ஏசி ரூமில் படித்தவர்கள், கடைசி வேலையை முடிக்காமல் கை கழுவிவிடுவார்கள். பாவம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவர்களுக்கு.

நவம்பரில், வியாழக்கிழமை டத்தோ வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் தொட்டியை மூடிவிட்டு, விருந்தாளிகளோடு திரும்புவதாகச் சொல்லிக் கோலாலம்பூருக்கு இறங்கினார். "எதையும் தொடாதீங்க" என்றும் சொன்னார். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று அமிர்தலிங்கம் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை முழுக்க வேலை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள் பேக்டரியில் கட்டுக்கட்டாக இருந்தது. உரச் சாக்குக்கும் பஞ்சமில்லை. முதலில் ஈயத்தாள் இரண்டு சுற்று, அதன்மேல் சாக்கு நாலு மடிப்பு, மறுபடி ஈயத்தாள், அதன்மேல் கம்பிக்கட்டு. மேலே கூம்பாக மடித்து முடிச்சுப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் இரண்டு சீப்பும் கோயில் தேர்போல் தகதகவென்று நின்றன.

கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்த பாஞ்சாலை கூடையை இறக்காமலே கேட்டாள். "என்னாங்க, அவங்க போடாம வுட்டதுக்கு எதுனா காரணம் இருக்குமில்ல?"

"இருக்கு. சோம்பேறித்தனம்."

"எஞ்சினியர் தம்பி வரட்டுமே. ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நான் கேக்கணுமா? நூத்தி அறுவத்திரெண்டுடி!"

"நம்பர் எனக்கும் மனப்பாடம்ங்க. டிசம்பர் எத்தன நாள்ல வருதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

துரை நாயோடு சுற்றிப்பார்க்க வந்தார். பளபளப்பைப் பார்த்ததும் நின்றார். "இது என்ன?"

"குளிரு வெளிய போவாம இருக்கறதுக்கு, தொர."

துரை கிளப்பில் கேட்ட இரண்டு மணிநேரத்தை மனசுக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "ம்ம். நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை டத்தோவும் நாலு விருந்தாளிகளும் படம் பிடிப்பவரும் வந்து சேர்ந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் துவைத்த தலைத்துணி கட்டி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், பாஞ்சாலையும் நின்றாள். எஞ்சினியரின் காரைத்தான் காணோம். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கிய லோரி ஒன்று வளைவில் சாய்ந்துவிட்டது, அவர் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டார் என்று டெலிபோன் வந்தது.

டத்தோ ஈயத்தாளைத் தட்டிப்பார்த்தார். துரை நெஞ்சை நிமிர்த்தி, இங்கிலீஷில், இது தம்முடைய சொந்த யோசனை, தோட்டத்துப் பொருளை வைத்தே செய்தது என்றார். படம் பிடிப்பவர் துரையைச் சீப்போடு சேர்த்துப் பிடித்தார். அமிர்தலிங்கத்துக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் "மை ஐடியா" என்பது பிந்துலுவில் எல்லாப் போர்மேனும் சொன்னது.

"என் வேலைடி அது!" என்று பல்லைக் கடித்தார்.

பாஞ்சாலை அவர் முழங்கைச் சதையைத் திருகினாள். "வாய மூடிக்கிட்டு நில்லுங்க. வீடு."

எஞ்சினியருக்காகக் காத்திருக்கலாம் என்று கிராணி மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆனால் டத்தோ பகலுக்குள் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வேண்டியிருந்தது. "ஓப்பன்!" என்றார் துரை.

அமிர்தலிங்கம் வால்வைத் திறந்தார். டிரையரில் நீல நெருப்பு பூவாக விரிந்தது. கைதட்டல். ஓரமாக நின்ற ராமசாமியின் முகம் மட்டும் அணைந்தது. ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். "டக்" என்று ஒரு சத்தம். பாதுகாப்பு வால்வு தானாக மூடிக்கொண்டது. நெருப்பு போய்விட்டது. மறுபடி திறந்தார், இரண்டு நிமிடம் எரிந்து, டக். மறுபடி, நெருப்பு வருவதற்கு முன்பே டக். சீப்பைத் தாண்டி டிரையருக்குப் போகும் இரும்புக் குழாய் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது.

உள்ளே உருட்டிப் பதமாகிவிட்ட இலை குவியல் குவியலாகக் கிடந்தது. உடனே காயாவிட்டால் புளித்துப்போகும். "என்னய்யா?" என்று துரை கத்தினார்.

அமிர்தலிங்கத்துக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. "குளிரு இந்தப் பக்கமா ஒழுகுது தொர! இந்தக் குழாய்க்கும் போத்தணும்!"

"போத்து! போத்து!"

சாக்கு பறந்து வந்தது. கிராணி தன் ஸ்வெட்டரைக் கழற்றினார். டத்தோவின் டிரைவர் காருக்குள் விரித்திருந்த விரிப்பைக் கொண்டுவந்து நீட்டினார். துரை முட்டி போட்டு, தன் கையாலேயே குழாய்க்குக் கம்பிளி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் எஞ்சினியர் சுப்பிரமணியம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

அவர் முதலில் குழாயைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார். பிறகு தேர்போல் நின்ற சீப்பைப் பார்த்தார். போய்த் தொட்டியின் வால்வை இறுக்கி மூடிவிட்டுத்தான் பேசினார்.

"அந்த இறக்கைங்க எதுக்கு இருக்கு தெரியுமா? வெளிக்காத்துல இருக்கற சூட்டை இழுத்து, திரவத்தைத் திரும்ப வாயுவாக்கறதுக்கு. தொட்டிக்குப் போர்வை, சரி. திரவக் குழாய்க்குப் போர்வை, சரி. இது மட்டும் அம்மணமாத்தான் நிக்கணும்! இதைப் போத்துனா சூடு எங்கேர்ந்து வரும்? திரவம் அப்படியே சில்லுன்னு இந்த இரும்புக் குழாய்க்குள்ள வருது. அந்த வால்வு மூடலேன்னா இது கண்ணாடி மாதிரி ஒடைஞ்சிருக்கும்."

"நம்ம ஊருக் காத்துல ஏது சார் சூடு?" என்று கேட்டார் ராமசாமி, ரொம்ப அக்கறையாக.

"அந்தத் திரவத்துக்கு முன்னாடி நம்ம ஊருக் காத்து கொதிக்கற தண்ணி மாதிரி." எஞ்சினியர் சீப்பைச் சுற்றி வந்தார். கம்பிக்கட்டை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஈயத்தாள் மடிப்புக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார், போகவில்லை. தன்னை மறந்து சொன்னார். "ஆனா இதைச் சுத்தின ஆள் பெரிய கைகாரன். ஒரு இடுக்குகூட விடல. யாரு இது?"

டத்தோ மெதுவாகத் துரையின் பக்கம் திரும்பினார். துரை எதிர்மலையில் ஏதோ முக்கியமான மரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். படம் பிடிப்பவர்கூடக் கருவியை இறக்கிவிட்டார். அமிர்தலிங்கம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சும்மா நிற்பது. பத்து வருடம் மிஷினுக்கு அருகில் அவர் செய்த வேலை அது.

ஆனால் "ஒரு இடுக்குகூட விடல" என்று ஒருத்தன் சொல்லிவிட்டானே.

"நான்தான் சார்!" என்று முன்னால் வந்து நின்றார் அமிர்தலிங்கம். "தொர இல்ல. தொரைக்கு இதெல்லாம் எங்க சார் தெரியும்? நான் ஒத்த ஆளா, ஒரே நாள்ல!"

பாஞ்சாலை தலைத்துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள்.

துரைக்கு உயிர் வந்தது. "ஆமா ஆமா! இவன்தான்! எனக்குத் தெரியாம!" என்று கம்பிளியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். டத்தோ காரில் ஏறி ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விட்டார். ராமசாமி அடுப்பைக் கொளுத்தினார். எஞ்சினியரும் நாலு ஆட்களும் போர்வையைக் கிழித்து எறிய, நாலு மணிக்கு எரிவாயு அருமையாக எரிந்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. பாஞ்சாலை காலையிலிருந்து பெட்டியில் துணிமணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நானும் வரேன்" என்று மட்டும் சொல்லி, கூடையை மாட்டிக்கொண்டே கூட நடந்தாள்.

ஆபீஸில் துரை இரவெல்லாம் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கிராணி ராதாகிருஷ்ணன் டைப் அடித்த தாளை நீட்டினார். "இது எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போடு. கோலாலம்பூர் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பணும், இன்னைக்கே."

"போட்டுட்டு?" என்றாள் பாஞ்சாலை.

"போட்டுட்டு... போங்க."

"வீட்ட காலி பண்ணிட்டுப் போறதா?"

கிராணி துரையைப் பார்த்தார். துரை நாயைப் பார்த்தார். பாஞ்சாலை கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். "கிராணி ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். தோட்டத்து ஆளுக்குத்தான எச்சரிக்க குடுப்பீங்க? இவரு பேருதான் செக்ரோல்ல இல்லியே. வெளியாளுக்கு எப்படிக் குடுக்கறது?"

கிராணி கைக்குட்டையை எடுத்தார். தோட்டத்து ஆள் ஒருவன் தப்புச் செய்தால் அவன் மேல் குற்றம். வெளியாள் ஒருவனை எரிவாயுத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் உலவ விட்டிருந்தால் துரை மேல் குற்றம். அந்த இடத்தில்தான் அவர்களும் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏத்திட்டோம்மா" என்றார் கிராணி, குரலைத் தாழ்த்தி. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாள் வெளியே வந்தது. கேஸ் அட்டெண்டன்ட் வேலைக்கு அமிர்தலிங்கத்தை நியமித்த கடிதம். தேதி செப்டம்பர் ஒன்று. திட்டுவதற்கு வசதியாக, இரண்டரை மாதம் முன்னாலேயே வேலையில் சேர்த்திருந்தார்கள்.

பாஞ்சாலை அதை வாங்கி, படிக்கத் தெரிந்த மட்டும் படித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "வீட்டுக் காகிதத்துல என் பேரையும் போட்ருங்க. இந்த மனுசன் இன்னொரு எடத்துல போயி இதே மாதிரி நெஞ்சத் தட்டிக்கிட்டு நின்னா நான் எங்க போறது?"

"ரூல்ஸ்ல எடமில்லம்மா."

"இல்லாத ஆள ரெண்டர மாசத்துக்கு முன்னாடி வேலைக்கு வச்சதுக்கு எடம் இருந்துச்சுல்ல ரூல்ஸ்ல? அங்கயே கொஞ்சம் நகந்து குடுக்கச் சொல்லுங்க."

துரை பேனாவை எடுத்தார். குடும்பத் தலைவர் கட்டத்துக்கு வெளியே, ஓரமாக, "மனைவியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்து வரலாற்றில் அப்படி ஒரு எழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அமிர்தலிங்கம் தொண்டையைச் செருமினார். எச்சரிக்கைக் கடிதத்தை அதுவரை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"'அஜாக்கிரதையாகச் சுற்றினார்'னு போட்ருக்கு. யாரு அஜாக்கிரத? எஞ்சினியரக் கேளுங்க. நகம் போச்சா உள்ள?"

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் பாஞ்சாலை, பல் தெரியாமல்.

"வேலைய எடுத்துக்கட்டும்டி. வீட்ட எடுத்துக்கட்டும். அஜாக்கிரதைன்னு எழுதக் கூடாது."

அரை மணிநேரம் இழுத்தது. துரை மேசையைக் குத்தினார். அமிர்தலிங்கம் அசையவில்லை. பாஞ்சாலை பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுக் காகிதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். கடைசியில் கிராணி மிஷினில் புதுத் தாளைச் செருகி அடித்தார். "மேற்படி நபர் அனுமதியின்றி, ஆனால் மிகவும் நேர்த்தியாக, மேற்படி சாதனத்தைச் சுற்றினார்." அமிர்தலிங்கம் இரண்டு தடவை படித்துவிட்டு, 'மிகவும்' என்ற இடத்தில் லேசாகத் தலையாட்டி, கையெழுத்துப் போட்டார்.

மறுவருடம் கம்பெனி தொட்டியையும் சீப்பையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மலைப்பாதை வளைவு அதிகம், தொழில்நுட்பத்துக்கு ஏற்றதல்ல என்று அறிக்கையில் எழுதினார்களாம். கேஸ் போனதே தவிர, செக்ரோலில் கேஸ் அட்டெண்டன்ட் போகவில்லை. அந்த வேலையை எடுத்துவிட்டால் அது எப்போது வந்தது என்று யாராவது கேட்பார்கள். கேட்காத வரைக்கும் இருக்கட்டும் என்று மூன்று துரை மாறியும் விட்டுவைத்தார்கள். ஆளைச் சும்மா வைத்திருக்க முடியாது என்பதால் ராமசாமிக்குக் கீழே அடுப்படியில் போட்டார்கள்.

வாரம் இரண்டு தடவை தாப்பாவிலிருந்து ரப்பர்க் கட்டை ஏற்றிக்கொண்டு லோரி வரும். ராமசாமி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, பேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுப்பார்.

"கேஸ் அட்டெண்டன்ட் சார்! கட்டை வந்துருச்சு லா. சீக்கிரம் வந்து எறக்குங்க, மழை தூறுது!"

அமிர்தலிங்கம் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வந்து இறக்குவார்.